ஒட்டிய எலும்பு உரைக்கும் செய்தி

நமது தாமிரபரணிப் பகுதியின் பாறைகள் டைனோசர்களைக் காட்டிலும் பன்மடங்கு பழமையானவை. ஆதலால் அவ்விலங்குகளின் எலும்புகளை இங்கே தேடிப் பயனில்லை. குஜராத் மாநிலத்து ராகியோலியில் 1982-84ஆம் ஆண்டுகளில் எடுக்கப்பட்ட எலும்புகளுக்கு 2003இல் 'ராஜாசாரஸ்' என்று பெயரிட்டனர். நெற்றியில் சிறு கொம்புடைய இந்த ஊனுண்ணி, ஏறத்தாழ 6½ கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது.

ஊனுண்ணி டைனோசர்களின் உடலமைப்பைக் காண்போம். அவை இரண்டு கால்களால் நடந்தன. முன்புறம் கனத்த தலை. அதற்கு ஈடுகட்ட, பின்புறம் நீண்ட வால். கழுத்து முள்ளெலும்புகளில் காற்றறைகள் இருந்தன. கோழியின் நெஞ்சில் கவட்டை போன்ற ஓர் எலும்பு உண்டல்லவா? அதே எலும்பு இவற்றுள் பலவற்றிற்கும் இருந்தது. பறவைகள் இவ்வினத்தின் வழிவந்தவையே.

இனி, காயங்களுக்கு வருவோம். நம்மில் ஒருத்தி விழுந்து கையை முறித்துக்கொண்டால் மருத்துவர் மாவுக்கட்டுப் போடுகிறார். முறிந்த இடத்தில் முதலில் இரத்தம் உறைகிறது. பின்பு குருத்தெலும்பு வளர்ந்து இரு முனைகளையும் இணைக்கிறது. சில வாரங்களில் அது கெட்டி எலும்பாகிப் புடைத்து நிற்கிறது. உயிருள்ள உடலில் மட்டுமே இது நிகழும். இறந்தபின் உடைந்த எலும்பில் புடைப்பு இராது. ஆகவே புடைப்பைக் கண்டால், காயம் பட்டபின்னும் அவ்விலங்கு பல வாரங்களேனும் வாழ்ந்தது என்று துணியலாம்.

அமெரிக்காவில் வயோமிங் மாநிலத்தில் 1991இல் கிடைத்த அலோசாரஸ் ஒன்றுக்கு 'பிக் ஆல்' என்று பெயர். முழு வளர்ச்சி பெறுமுன்பே இறந்த அதன் 19 எலும்புகளில் முறிவோ நோய்க்குறியோ காணப்பட்டது. விலா எலும்புகள் முறிந்து ஒட்டியிருந்தன. வலக்கால் விரலொன்றில் சீழ்ப்புண் ஆறவேயில்லை. தெற்கு டகோட்டாவில் 1990இல் கண்டெடுக்கப்பட்டு, இன்று சிகாகோ ஃபீல்டு அருங்காட்சியகத்தில் நிற்கும் 'சூ' என்னும் டைரனோசாரசுக்கும் வலப்பக்க விலாக்கள் முறிந்து கூடியுள்ளன. அதன் இடக் கீழ்க்காலின் மெல்லிய எலும்பு நோயினால் வீங்கியிருக்கிறது.

இதிலிருந்து நாம் அறிவது யாது? பிற உயிர்களை அஞ்சவைத்த விலங்கும் அடிபட்டது, நோயுற்றது, வலியோடு இரை தேடியது. மருந்தும் கட்டும் இல்லாமலே அதன் எலும்பு கூடியது. அருங்காட்சியகத்தில் இத்தகைய எலும்புக்கூட்டைக் காணும்போது பல்லையும் உயரத்தையும் வியப்பதோடு நில்லாமல், விலா எலும்புகளில் புடைப்பு உண்டா என்றும் உற்று நோக்குவோம், தோழியரே!