நுரைக்குக் காத்திருந்த மாலை

ஆண்ட்வெர்ப் கஃபே ஒன்றில் முதன்முதலாக டூவெல் என்ற பீரைக் கேட்டு வாங்கியவர், பாட்டிலைத் தாமே திறந்து பக்கத்திலிருந்த தண்ணீர் டம்ளரில் அப்படியே கவிழ்த்தார். கால்வாசிதான் பீர், மிச்சமெல்லாம் நுரை. அதிலும் பாதி மேசையில் வழிந்தது. பரிமாறும் பெரியவர் வந்து ஈரத்தைத் துடைத்தார். பிறகு வேறொரு பாட்டிலும் துலிப் பூவைப் போல வயிறு பருத்த கோப்பையும் கொண்டுவந்து வைத்தார்.

கோப்பையைச் சாய்த்துப் பிடித்து, சுவரோரமாக மெல்ல ஊற்ற வேண்டும். பாதிக்கு மேல் நிமிர்த்தினால் நுரை தானே எழும். 33 சென்டிலிட்டர் பீரும் அதன் நுரையும் சேர்ந்து கொள்ளுமளவுக்குச் செய்த கோப்பை அது. பாட்டிலில் அடைக்கும்போது சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்து, வெதுவெதுப்பான அறையில் மறுபடி நொதிக்க விடுகிறார்கள். நுரை அவ்வளவு பொங்குவது அதனால்தான். அடியில் தங்கும் ஈஸ்ட் கலங்காதிருக்க, கடைசி விரற்கடை பீரைப் பாட்டிலிலேயே விட்டுவிடுவது நல்லது.

குடிக்கும் முன் முகர வேண்டும். பேரிக்காய், எலுமிச்சைத் தோல், லேசாக மிளகு. இந்த வாசனையில் பெரும்பங்கு ஈஸ்ட்டுடையது. முதல் உலகப்போருக்குப் பின், இந்த பீரைக் காய்ச்சும் குடும்பத்தைச் சேர்ந்த ஆல்பர்ட் மோர்ட்காட் ஸ்காட்லாந்துவரை போய்த் தேடிக் கொண்டுவந்த ஈஸ்ட்டின் வழிவந்தது அது. ப்ரேந்தோங்க் ஊரில் காய்ச்சிய அந்த பீரைச் சுவைத்த ஒருவர் ‘அசல் பிசாசு’ என்று வியந்தாராம். பிசாசு என்று பொருள்படும் டூவெல் என்பதே 1923இல் அதன் பெயரானது. அப்போது அதன் நிறம் கருமை. இன்றைய பொன்னிறம் 1970வாக்கில்தான் வந்தது.

அவசரம் கூடவே கூடாது. அன்று பீரை மேசையில் வழியவிட்டவரின் அனுபவத்தில் இதற்கு மிஞ்சிய பாடம் இல்லை. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த உடனே குடித்தால் ஹாப்ஸின் கசப்பும் குமிழின் சுருக்கும்தான் நாக்கில் நிற்கும். கால் மணி நேரம் பொறுத்தால் பழவாசனை விரியும், பின்னால் மெல்லிய இனிப்பும் தெரியும். ஒரே கோப்பைக்குள் இரண்டு ருசி!

ஆனால் சாதாரண லாகரில் ஆல்கஹால் 5 சதவீதம் என்றால் இதில் 8.5. காய்ச்சும்போது சேர்க்கும் சர்க்கரை ஏறக்குறைய முழுதும் நொதித்துவிடுவதால் பீர் நாக்கில் கனக்காது, அதன் வீரியமும் தெரியாது. அதனால் அவர் ஒன்றோடு நிறுத்திக்கொள்வார். கூடவே பாலாடைக்கட்டித் துண்டுகளும் தொட்டுக்கொள்ளக் கடுகு விழுதும் இருக்கும்.

அன்று கிளம்பும் நேரத்தில் பெரியவர் பாட்டிலில் மிஞ்சிய கலங்கலை ஒரு சின்னக் கிளாஸில் ஊற்றி நீட்டினார். புதிதாகச் சுட்ட ரொட்டியின் மணம் அதில் இருந்தது. அதையும் சொட்டுவிடாமல் பருகிவிட்டுத்தான் அவர் டிராமுக்கு நடந்தார்.