மலைப்பாதை வண்டி: குறைந்த செலவில் டயரும் பட்டையும்

கொல்லிமலை, வால்பாறை, கொடைக்கானல் மேல்மலை, போடி வழி ஏலத்தோட்டங்கள் ஆகிய பகுதிகளில் கடை வைத்திருக்கும் நம் வணிகர்களுக்கு ஜீப்பும் ஜிப்சியும் வண்டி மட்டுமல்ல, கடையின் ஓர் அங்கம். வண்டி படுத்தால் சரக்கு வராது. சரக்கு வராவிட்டால் வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போய்விடுவார். ஆகவே 'பெரிய டயர் போடுங்கள், வண்டியை உயர்த்துங்கள்' என்று யாராவது சொன்னால் உடனே பணத்தை எடுத்து நீட்டிவிடுகிறோம். எதற்கு முதலில் செலவிடுவது, எதற்குச் செலவிடவே கூடாது என்பதை இங்கே பார்ப்போம்.

உதாரணத்திற்கு மாருதி ஜிப்சியை எடுத்துக்கொள்வோம். 1985-இல் வந்த இவ்வண்டி பொதுமக்களுக்கு விற்கப்படுவது 2019-இல் நின்றுவிட்டது. எனினும் பழைய வண்டிகள் மலைகளில் இன்னும் ஓடுகின்றன. நான்கு சக்கரங்களிலும் கமான் பட்டைதான். பழைய ஜீப்புகளும் இவ்வகையே என்பதால் கீழ்க்கண்டவை அவற்றுக்கும் பொருந்தும்.

முதல் செலவு: பழுது நீக்கம்

வண்டி தூக்கிப் போடுகிறது என்றால் பட்டையை மாற்றும் முன் அதைக் கழற்றிப் பாருங்கள். பட்டைகளுக்கு இடையே துரு ஏறினால் அவை ஒன்றன்மேல் ஒன்று வழுக்காது; வில் கட்டையாகிவிடும். துருவைச் சுரண்டி, கிராஃபைட் கிரீஸ் தடவி, தேய்ந்த புஷ்களை மாற்றினாலே பாதிக் குறை தீரும். யு போல்ட்டுகளை ஒரு வாரம் ஓட்டிய பிறகு மீண்டும் முறுக்க மறக்கக் கூடாது.

அடுத்தது ஷாக் அப்சார்பர். வண்டியின் மூலையை அழுத்திவிட்டுக் கையை எடுங்கள். இரண்டு முறைக்கு மேல் ஆடினாலோ, எண்ணெய் கசிந்தாலோ அது போய்விட்டது என்று பொருள். மாற்றும்போது இடது வலது இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

இரண்டாவது செலவு: டயர்

ஜிப்சி கிங்கின் டயர் அளவு 205/70 ஆர் 15. பலர் இதற்குப் பதில் 215/75 ஆர் 15 போடுகிறார்கள். கணக்குப் பார்ப்போம். முதலாவதன் விட்டம் 668 மி.மீ.; இரண்டாவதன் விட்டம் சுமார் 703 மி.மீ. வித்தியாசம் 35 மி.மீ. ஆனால் அச்சு உயர்வது அதில் பாதி, அதாவது சுமார் 18 மி.மீ. மட்டுமே. இதற்கு நாம் கொடுக்கும் விலை என்ன? சுற்றளவு 5 சதவீதம் கூடுவதால் ஏற்றத்தில் இழுவை அந்த அளவு குறையும். மீட்டர் 100 கி.மீ. காட்டும்போது வண்டி 105 கி.மீ. ஓடியிருக்கும். டீசலோ பெட்ரோலோ, கிலோமீட்டர் கணக்கு எழுதுவோர் இதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் வண்டி எரிபொருளைக் குடிப்பதாகத் தவறாகத் தோன்றும்.

டயர் வாங்கும்போது கவனிக்க வேண்டியவை:

1. பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. தள்ளுபடி என்று சொல்லிப் பழைய இருப்பைத் தள்ளிவிடுவதை இதில் கண்டுபிடிக்கலாம்.

2. சுமை எண். 96 என்றால் ஒரு டயர் 710 கிலோ தாங்கும். 100 என்றால் 800 கிலோ. பழையதைவிடக் குறைந்த எண்ணை வாங்கக் கூடாது.

3. நான்கும் ஒரே அளவு, ஒரே அளவு தேய்மானம். இவ்வண்டிகளில் நான்கு சக்கர இழுவையைப் போட்டால் முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் சுழலும். டயர் அளவு மாறினால் கியர்ப் பெட்டி திணறும். தார்ச் சாலையில் இந்த இழுவையைப் போடவே வேண்டாம்.

4. பட்டன் 1.6 மி.மீ.க்குக் குறையக் கூடாது என்பது விதி. ஈரச் சேற்றில் அதற்கு வெகு முன்பே டயர் வழுக்கும். ரீட்ரெட் டயரை முன் சக்கரத்தில் போட வேண்டாம்.

கல் பாதையில் காற்றைக் குறைத்தால் பிடிப்பு கூடும் என்பது உண்மைதான். ஆனால் சுமை ஏற்றிய வண்டிக்கும் டியூப் டயருக்கும் அது ஆகாது. டியூப் நகர்ந்து வால்வு பிய்ந்துவிடும்.

செலவிடக் கூடாதது

கூடுதல் பட்டை சேர்ப்பது மூன்றாவது யோசனை. பட்டை சேர்த்தால் வண்டியின் பின்புறம் தாழாது. ஆனால் அச்சும் பேரிங்கும் பிரேக்கும் பழைய பலத்தோடுதான் இருக்கும். பாரம் தெரியாமல் பாரம் ஏற்ற வைப்பதே இதிலுள்ள ஆபத்து. ஏறும்போது எஞ்சின் திணறிச் சொல்லிவிடும். இறங்கும்போது பிரேக் சூடேறியபின்தான் சொல்லும்.

பதிவுச் சான்றில் மொத்த எடையிலிருந்து வெற்று எடையைக் கழியுங்கள். மீதி 500 கிலோ என்று வைத்துக்கொண்டால், ஓட்டுநரும் உதவியாளரும் 130 கிலோ. சரக்குக்கு மிச்சம் 370 கிலோ. 50 கிலோ மூட்டையில் ஏழுதான். பத்து ஏற்றினால் 130 கிலோ அதிகம். மூன்று மூட்டைக்கு இன்னொரு நடை போவது, ஒரு வண்டியையும் ஓர் ஆளையும் இழப்பதைவிட மலிவு.

நீளமான சேக்கிள் போட்டு வண்டியை உயர்த்துவதும் வேண்டாம். ஸ்டியரிங் நேர் நிற்காது. புரொப்பெல்லர் ஷாஃப்ட் மூட்டுகள் சீக்கிரம் தேயும். உயரமாக மூட்டை அடுக்கிய வண்டி கொண்டை ஊசி வளைவில் சாயும்.

சட்டத்தையும் பார்க்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்த அளவுகளுக்கு மாறாகும்படி வண்டியை மாற்றியமைக்கக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்கும் கேள்வி இதுவாகத்தான் இருக்கும். நம் வண்டியின் பதிவும் காப்பீடும் சரக்கு ஏற்ற இடம் தருகின்றனவா என்பதையும் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

சுருக்கமாக: முதலில் கிரீஸும் புஷ்ஷும், பிறகு ஷாக் அப்சார்பர், அதன்பின் அளவு மாறாத நல்ல டயர். இந்த வரிசையில் செலவிட்டால், கைக்காசும் மிஞ்சும். சரக்கும் நேரத்திற்குக் கடை வந்து சேரும்.