முடிச்சூர் வீட்டு ஹாலுக்கு

சேலையூர்,
கிழக்குத் தாம்பரம்.

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியப்பா எழுதுகிறேன். முடிச்சூர் வீட்டில் இன்னும் பெயிண்ட் வேலை ஆரம்பிக்கவில்லை என்று உன் அப்பா சொன்னான். அப்படியானால் நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய பட்டியலைப் பற்றிப் பேச இதுதான் நேரம். 65 அங்குல 4கே ஸ்மார்ட் டிவி, அதே கம்பெனி சவுண்ட்பார், கேட்டால் பதில் சொல்லும் ஸ்பீக்கர், வைஃபை பெட்டிகள் எல்லாவற்றையும் ஒரே கடையில், ஒரே தவணையில் எடுத்துவிடப் போவதாக எழுதியிருந்தாய். வாங்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கம்ப்யூட்டரைக் கழற்றிப் பூட்டுவதிலேயே வாழ்க்கையில் பாதியைச் செலவழித்தவன் நான். புதுச் சாதனம் என்றால் எனக்கும் கை பரபரக்கும். ஆனால் எதை எதோடு சேர்த்து வாங்கலாம், எதைப் பிரித்து வாங்க வேண்டும் என்பதில் எனக்கு அழுத்தமான அபிப்பிராயம் உண்டு.

திரையைத் தனியாக வாங்கு, மூளையைத் தனியாக வாங்கு, ஒலியைத் தனியாக வாங்கு. இந்த மூன்றுக்கும் ஆயுசு வேறு வேறு. ஒழுங்காக வைத்துக்கொண்டால் ஒரு திரை பத்து வருஷம் ஓடும். நல்ல ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் இருபது வருஷம் தாண்டியும் பாடும். ஸ்மார்ட் டிவியின் ‘ஸ்மார்ட்’ பகுதி, அதாவது திரைக்குப் பின்னால் ஒட்டவைத்த சின்னக் கம்ப்யூட்டர், நாலைந்து வருஷத்தில் திணற ஆரம்பித்துவிடும். விலை குறைந்த டிவிகளில் ஒன்றோ ஒன்றரையோ ஜிபி ரேம்தான் வைக்கிறார்கள். ஆப்கள் ஒவ்வொரு அப்டேட்டிலும் பெருத்துக்கொண்டே போகின்றன. அந்த ரேம் போர்டோடு பற்றவைத்தது. எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் ரிச்சி தெருவில் ஒன்று வாங்கிவந்து செருகிவிட முடியாது. திரை பளிச்சென்று இருக்கும்போதே, ரிமோட் பட்டனை அழுத்திவிட்டுக் காத்திருக்கும் நிலைமை வந்துவிடும். 2019 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸ் சில பழைய சாம்சங், விசியோ டிவிகளில் வேலை செய்வதை நிறுத்திக்கொண்டது. அந்தத் திரைகளில் எந்தக் கோளாறும் இல்லை.

நன்றாக இருக்கும் சாதனம் கம்பெனியால் வீணாகிப்போவதில் நம் ஊருக்குப் பழைய அனுபவமே இருக்கிறது. 2003 செப்டம்பர் 1 அன்று சென்னையில் சிஏஎஸ் என்ற முறை வந்தது. நீ அப்போது பால்வாடி போகிற வயசு. கட்டணச் சேனல் பார்க்க வேண்டுமானால் செட்டாப் பாக்ஸ் வாங்கியாக வேண்டும் என்றார்கள். மற்ற பெருநகரங்கள் தள்ளிப்போட்டபோது, சென்னை மட்டும் வருஷக்கணக்கில் அந்த முறையிலேயே இருந்தது. ஒரு கேபிள்காரர் கொடுத்த பாக்ஸ் இன்னொருவர் லைனில் வேலை செய்யாது. குரோம்பேட்டையிலிருந்து பெருங்களத்தூருக்கு வீடு மாறினால், காசு கொடுத்து வாங்கிய பெட்டி வெறும் பிளாஸ்டிக். பிறகு டிடிஎச் வந்தது. அங்கேயும் அதே கதைதான். எந்த நிறுவனத்துக்கு மாறினாலும் பயன்படுகிற பாக்ஸ் வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான டிராய் பரிந்துரை செய்ததே 2020 ஏப்ரலில்தான். அதற்குள் இந்தப் பக்கத்து வீடுகளின் பரண்களில் இரண்டு மூன்று பாக்ஸ்கள் சேர்ந்துவிட்டன. ஒரு கம்பெனியோடு மட்டுமே பேசும் பெட்டிக்கு நீ பணம் கொடுக்கக் கூடாது என்று நான் இத்தனை பிடிவாதமாகச் சொல்வதற்கு அந்த வருஷங்கள்தான் காரணம்.

ஆகவே டிவி வாங்கும்போது அதன் ஆப்களைப் பார்க்காதே, பேனலைப் பார். எச்டிஎம்ஐ துளை மூன்றாவது இருக்கிறதா, அதில் ஒன்றில், டிவியின் ஒலியை வெளி ஸ்பீக்கருக்கு அனுப்பும் ஏஆர்சி என்று போட்டிருக்கிறதா என்று பார். படம் ஓட்டும் வேலைக்கு ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கைச் செருகிக்கொள். பழசானால் அதை மட்டும் மாற்றினால் போதும். டிவியை வைஃபையில் சேர்க்கவே வேண்டாம். என்ன பார்க்கிறோம் என்பதைத் திரையிலிருந்தே அடையாளம் கண்டு கம்பெனிக்கு அனுப்பும் வசதி பல டிவிகளில் இருக்கிறது. அமெரிக்காவில் விசியோ நிறுவனம் சொல்லாமல் கொள்ளாமல் 1 கோடியே 10 லட்சம் டிவிகளில் இப்படிச் சேகரித்த வழக்கு, 2017இல் 22 லட்சம் டாலர் கட்டித் தீர்ந்தது. இணையம் இல்லாத டிவியால் யாருக்கும் எதையும் சொல்ல முடியாது.

65 அங்குலம் வேண்டுமா என்று கேட்டிருந்தாய். 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்ததால் பெரிய திரை மேல் எல்லோருக்கும் ஆசை வந்திருக்கிறது. நீ முதலில் சோபா முதுகிலிருந்து டிவிச் சுவர் வரை டேப் பிடித்து அள. சாதாரணக் கண்பார்வைக்கு 55 அங்குலத் திரையில் 1080க்கும் 4கேவுக்கும் உள்ள வித்தியாசம் ஏழடிக்கு அப்பால் போனால் தெரியாது; 65 அங்குலத்தில் எட்டரை அடி வரை தெரியும். உங்கள் ஹால் குறுக்கே பத்தடி என்று ஞாபகம். சோபா போக எட்டடி மிஞ்சும். அந்தத் தூரத்தில் 65 எடுத்தாலும் 4கேவின் வித்தியாசம் மயிரிழைதான்; 55 தாராளமாகப் போதும். மிச்சமாகும் பணத்தை நல்ல பேனலில் போடு. டப்பாவில் எச்டிஆர் என்று அச்சடித்திருப்பதை நம்பாதே. அந்த சிக்னலைப் புரிந்துகொள்ளும் என்பது மட்டும்தான் அதற்கு அர்த்தம். காட்டும் அளவுக்கு வெளிச்சம் வேண்டும். 300 நிட் வெளிச்சமே உள்ள பேனலில் எச்டிஆர் படம் மங்கலாகத்தான் விழும். உங்கள் ஹாலுக்கு மேற்கு ஜன்னல் வேறு இருக்கிறது.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். தாம்பரம் மார்க்கெட் பக்கம் எனக்குப் பழக்கமான மெக்கானிக் ஒருவர் கடையில் அடிக்கடி உட்கார்ந்திருப்பேன். சத்தம் வருகிறது, படம் வரவில்லை என்று டிவியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அவர் கடை விளக்கை அணைத்துவிட்டு, கறுத்த திரைமேல் டார்ச்சைச் சாய்த்து அடிப்பார். உள்ளே படம் மங்கலாக ஓடிக்கொண்டிருப்பது தெரியும். பேனல் நன்றாக இருக்கிறது, பேக்லைட்தான் போய்விட்டது. பேனலை இரண்டு பேராகப் பிடித்துக் கண்ணாடித் தட்டுப் போல மெதுவாக எடுத்து மெத்தைமேல் வைப்பார்கள். அடியில் வெள்ளைத் தாள், அதற்கும் அடியில் வரிசை வரிசையாக எல்இடி பட்டைகள், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு சின்ன லென்ஸ். அதில் ஒன்று கருகியிருக்கும். தொடர் இணைப்பு என்பதால் ஒன்று போனதும் மொத்த வரிசையும் அணைந்திருக்கும். பட்டைகளை மாற்றினால் டிவி பிழைத்துக்கொள்ளும். பேனலே உடைந்திருந்தால் விலையைச் சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவார். புது டிவியின் விலைக்குப் பக்கத்தில் வந்துவிடும். அவர் கடைக்கு வரும் டிவிகளில் பெரும்பாலானவை வாங்கிய நாளிலிருந்து பேக்லைட் நூறிலேயே ஓடியவை. கடையில் பளபளக்க ‘விவிட்’ என்று வைத்திருப்பார்கள், அது அப்படியே வீட்டுக்கும் வந்துவிடும். வந்த அன்றே ‘சினிமா’ அல்லது ‘ஃபிலிம் மேக்கர்’ என்று மாற்று. பேக்லைட்டைப் பாதிக்குப் பக்கத்தில் இறக்கு. மோஷன் என்ற பெயரில் என்ன இருந்தாலும் அணைத்துவிடு. சினிமா நொடிக்கு 24 ஃபிரேம். நடுவில் டிவி தானாக இட்டுக்கட்டி நுழைக்கும் ஃபிரேம்களால்தான் பெரிய படமும் சீரியல் மாதிரி தெரிகிறது.

அம்மாவுக்கு வசனம் காதில் விழுவதில்லை, சண்டை வந்தால் மட்டும் வீடே அதிர்கிறது என்று எழுதியிருந்தாய். அவள் காதில் குறையில்லை. படத்தின் 5.1 ஒலித்தடத்தில் வசனம் பெரும்பாலும் நடுச்சேனலில்தான் இருக்கும். டிவியில் இருப்பது இரண்டு சின்ன ஸ்பீக்கர், அதுவும் தரையைப் பார்த்தபடி. எல்லாவற்றையும் அதில் கலக்கும்போது பேச்சு அமுங்கிவிடுகிறது. ஆப்பில் ஸ்டீரியோ தடம் கொடுத்திருந்தால் அதைத் தேர்ந்தெடு. இப்போதிருக்கும் டிவியிலேயே இன்று ராத்திரி செய்து பார். சவுண்ட்பார்தான் வேண்டுமென்றால் நடு ஸ்பீக்கர் தனியாக உள்ள 3.1 ரகம் வாங்கு. பிஎம்பிஓ என்று ஆயிரக்கணக்கில் வாட் போட்டிருப்பதைத் திரும்பியும் பார்க்காதே, தொடர்ந்து தரக்கூடிய ஆர்எம்எஸ் வாட் எவ்வளவு என்று கேள். தரையெல்லாம் டைல்ஸ், சுவரெல்லாம் வெறுமை என்றால் எந்த ஸ்பீக்கரும் எதிரொலிக்கத்தான் செய்யும். கனமான திரைச்சீலையும் ஒரு ஜமுக்காளமும் பாதி வேலையைச் செய்துவிடும்.

பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடு என்று சொல்ல வந்தேன். ஃபைபர் வந்து நிற்கும் இடத்திலிருந்து டிவிச் சுவருக்கும் நீ உட்கார்ந்து வேலை செய்யும் அறைக்கும் பைப்புக்குள் கேட்6 நெட்வொர்க் வயர் இழுத்துவிடச் சொல். கான்கிரீட் தூண்களையும் செங்கல் சுவர்களையும் தாண்டி 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை போய்ச் சேர்வதற்குள் இளைத்துவிடும். வயர் இழுத்துவிட்டால் பட்டியலில் இருக்கும் வைஃபை பெட்டிகளுக்கான பணம் மிச்சம். 4கே படத்துக்கு நெட்ஃபிளிக்ஸ் கேட்பது 15 எம்பிபிஎஸ்தான். வீட்டில் நாலு பேருக்கு 100 எம்பிபிஎஸ் இணைப்புப் போதும். எர்த் சரியாக இருக்கிறதா என்று அவரையே மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல். எச்டிஎம்ஐ வயரைத் தொடும்போது சுருக்கென்று இழுத்தால் எர்த் இல்லாமல் இருக்கலாம். அப்படி இருக்கும்போது எந்த ஸ்பைக் பஸ்டரும் முழுதாக உதவாது. ஐப்பசி இடிமழையில் பிளக்கைப் பிடுங்குவதோடு, டிஷ் அல்லது கேபிள் வயரையும் கழற்றிவிடு. ஃபைபர் கண்ணாடி இழை, அதில் மின்னல் ஏறாது. செம்பு வயரில் ஏறும். பட்டியலில் இருக்கும் அந்தப் பேசும் ஸ்பீக்கரை மட்டும் உன் பெட்ரூமில் வைக்காதே. அதைப் பற்றி அவ்வளவுதான் சொல்வேன்.

பட்டியலில் நீ எழுதாத ஒன்றுக்குப் பணம் ஒதுக்கச் சொல்கிறேன். தாத்தா பாட்டி மணிவிழா விஎச்எஸ் கேசட் உன் அம்மா பீரோவில் துணிக்கு அடியில் இருக்கிறது. என் அப்பா பந்தி நடுவே நின்று, “ரசம் இந்தப் பக்கம் வரலை பாரு” என்று சத்தம் போடுவது அதில் இருக்கிறது. அவர் குரல் பதிவான இடம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். நம் ஊர்ப் புழுக்கத்தில் டேப்பில் வெள்ளையாகப் பூஞ்சை பூக்கும்; கேசட்டின் ஜன்னல் வழியாகப் பார்த்தாலே தெரியும். அப்படி இருந்தால் எந்த விசிஆரிலும் போடாதே, ஹெட்டும் கெடும் டேப்பும் கிழியும். முதலில் சுத்தம் செய்ய வேண்டும். ஓடுகிற விசிஆர் கிடைப்பதும் அரிதாகிக்கொண்டிருக்கிறது. கடைசியாகத் தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. என்னிடம் ஒன்று ஓடும் நிலையில் இருக்கிறது. மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயரைப் பிடிக்கும் கேப்சர் கார்டும் இருக்கிறது. மூன்று மணி நேர டேப் ஏற மூன்று மணி நேரம்தான் ஆகும். அவசரப்படுத்த வழி கிடையாது.

ஏற்றிய பிறகு அதை வைக்க இடம் வேண்டும். 2025 அக்டோபர் 14இல் விண்டோஸ் 10க்கு ஆதரவு நின்றதும் உன் அப்பா மூலையில் வைத்துவிட்ட டெஸ்க்டாப்பை எனக்குக் கொடு. லினக்ஸ் போட்டு, புது ஹார்ட் டிஸ்க் மாட்டி, நம் வீடியோக்களை டிவியில் காட்டும் ஜெல்லிஃபின் மென்பொருளை நிறுவித் தருகிறேன். இரண்டும் இலவசம், இரண்டுக்கும் சந்தா கிடையாது. மணிவிழா, உன் காதுகுத்து, பள்ளி ஆண்டுவிழாவில் நீ ஆடியது எல்லாம் ஹால் திரையில் போஸ்டரோடு வரிசையாக வரும். எந்தக் கம்பெனியும் உரிமம் முடிந்துவிட்டது என்று அதை ஒரு நாள் எடுத்துவிட முடியாது. அம்மாவுக்கு ரிமோட்டில் இரண்டே பட்டனில் வருகிற மாதிரி செய்துவிடலாம்.

அந்தப் பெட்டியைத் தரையில் வைக்காதே. 2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் தெருக்களில் படகு ஓடியதை நீ மறந்திருக்க மாட்டாய். 2023இல் மிக்ஜாம் புயலிலும் அதே பக்கம்தான் தண்ணீர் நின்றது. உங்களுடையது முதல் தளம்தான், ஆனால் கரண்ட் வருவதும் இன்வெர்ட்டர் நிற்பதும் கீழே. அந்தப் பெட்டிக்கான ராக்கை இடுப்பு உயரத்துக்கு மேலே அடிக்கச் சொல். எல்லா வீடியோவுக்கும் இரண்டாவது பிரதி வேறொரு டிஸ்க்கில் வேண்டும். அது எங்கள் வீட்டு மாடி அறையில் இருக்கட்டும். வருஷத்துக்கு ஒரு தடவை, மழைக்காலத்துக்கு முன்னால், எடுத்து ஓட்டிப் பார்த்து வைப்பேன்.

அளவு எடுத்ததும் எனக்கு அனுப்பு: சோபாவிலிருந்து சுவர், பிளக் பாயின்ட் உயரம், ஃபைபர் நுழையும் இடம். ரிச்சி தெருவுக்கு ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், பாதிக் கடை திறக்காது. உனக்கு லீவு கிடைக்கிற ஒரு வாரநாள் பார். தாம்பரத்தில் பீச் வண்டி பிடித்துப் பூங்கா ஸ்டேஷனில் இறங்கி பஸ் ஏறலாம். ஹார்ட் டிஸ்க், கேட்6 வயர், எச்டிஎம்ஐ கேபிள் எல்லாம் அங்கேயே வாங்கிவிடுவோம். டிவியை மட்டும் தாம்பரத்திலேயே வாங்கு. கோளாறு என்றால் தூக்கிக்கொண்டு போக வேண்டிய தூரம் குறையும். கேசட்டை வரும்போது மறக்காமல் கொண்டுவா. பிளாஸ்டிக் பையில் கட்டாதே, பழைய துணியில் சுற்றி எடுத்துவா.

அன்புடன்,
பெரியப்பா