தூண்டிலோடு வரும் விருந்தாளி

மீன் பிடிப்பது நமக்குப் புதிது அல்ல. பிடித்த மீனை விற்கிறோம். மிச்சத்தைக் குழம்பு வைக்கிறோம். ஆனால் ஒருவர் மீனைப் பிடிக்கிறார். அதோடு நின்று ஒரு படம் எடுத்துக்கொள்கிறார். பிறகு மீனைத் தண்ணீரிலேயே விட்டுவிடுகிறார். இதற்காகப் படகுக்காரருக்குப் பணமும் கொடுக்கிறார். இப்படியும் ஆட்கள் உண்டா?

உண்டு. இதற்காகவே விமானம் ஏறி வருகிறவர்கள் இருக்கிறார்கள். இதை விளையாட்டு மீன்பிடிப்பு என்று சொல்கிறார்கள்.

அப்படி வருகிறவரிடம் நல்ல தூண்டில் கோல் இருக்கும். விலை உயர்ந்த ரீல் இருக்கும். நரம்பு இருக்கும். ஆனால் மீன் எங்கே நிற்கும் என்று அவருக்குத் தெரியாது. பாறை எங்கே, மணல் திட்டு எங்கே, நீரோட்டம் எப்போது திரும்பும் என்றும் தெரியாது. இதெல்லாம் யாருக்குத் தெரியும்? கரையில் பிறந்து வளர்ந்தவருக்குத் தெரியும். விருந்தாளி பணம் கொடுப்பது மீனுக்கு அல்ல. அந்த அறிவுக்குத்தான்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இந்தத் தொழிலில் இறங்குவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு.

நம் பக்கத்தில்

இடப்பள்ளியில் இருக்கும் நமக்குத் தோடுதான் பக்கம். கடல் கொஞ்சம் தூரம். பஸ் ஏறி மட்டாஞ்சேரி, ஃபோர்ட் கொச்சி போனால்தான் அழிமுகம் தெரியும். அங்கே சீன வலைகளைப் பார்த்திருப்பீர்கள். ஒரு பக்கம் வலை. மறு பக்கம் கயிற்றில் கட்டிய பெரிய கற்கள். நாலைந்து பேர் சேர்ந்து ஏற்றி இறக்குகிறார்கள். வெளியூர்க்காரர்கள் வந்தால், "நாங்களும் ஒரு கை பிடிக்கட்டுமா?" என்று கேட்கிறார்கள். கயிற்றை இழுத்துப் பார்க்கிறார்கள். போகும்போது பணம் கொடுக்கிறார்கள். இப்போது வலையில் மீன் குறைவு. வலை கட்டும் மரத்துக்கு விலை அதிகம். அதனால் வலைகளும் குறைந்துவிட்டன. இருக்கிற வலைக்காரர்களுக்கு இந்தப் பணம் ஒரு உதவி.

கோஸ்ரீ பாலம் தாண்டி வைப்பின் தீவுக்குப் போனால் ஞாறக்கல் வரும். அங்கே மத்ஸ்யஃபெட் நடத்தும் மீன் பண்ணை இருக்கிறது. மத்ஸ்யஃபெட் என்பது 1984-இல் தொடங்கிய மீனவர் கூட்டுறவு அமைப்பு. பண்ணைக்கு வருகிறவர்கள் கரையில் உட்கார்ந்து தூண்டில் போடலாம். மதியம் மீன் சோறு சாப்பிடலாம். தெற்கே கும்பளங்கி என்ற ஊரை 2003-இல் சுற்றுலாக் கிராமமாக ஆக்கினார்கள். அங்கேயும் வலை வீசுவதையும் வள்ளம் ஓட்டுவதையும் விருந்தாளிகளுக்குக் காட்டுகிறார்கள்.

இவையெல்லாம் கரைக்கு உள்ளே நடப்பவை. அலை இல்லை. கரை கண்ணுக்குத் தெரியும். ஆனால் பெரிய மீனைத் தேடும் விருந்தாளி வெளிக்கடலுக்குத்தான் போகக் கேட்பார். நம் நாட்டில் அதற்குப் பேர் போன இடம் அந்தமான் தீவுகள்.

அந்தமான் பாரை

அந்தமானுக்குச் சென்னையிலிருந்து கப்பலில் போனால் மூன்று நாள் ஆகும். விமானமும் உண்டு. நம் தமிழ் மக்கள் நிறையப் பேர் அங்கே குடியிருக்கிறார்கள். போர்ட் பிளேர் என்று நாம் சொன்ன ஊருக்கு 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பேர் மாற்றினார்கள். ஹேவ்லாக் தீவு 2018-இல் ஸ்வராஜ் தீவு ஆயிற்று.

அங்கே விருந்தாளிகள் தேடி வருவது பெரிய பாரை மீன். பாரையில் பல வகை உண்டு. இது அவற்றில் மிகப் பெரிய வகைகளில் ஒன்று. ஆள் உயரம் வளரும். 2006-இல் ஜப்பானில் தூண்டிலில் பிடித்த ஒரு பாரை 72 கிலோவுக்கு மேல் இருந்தது. உலகச் சாதனை என்று அதைப் பதிவு செய்தார்கள்.

பிடிக்கும் விதத்தைப் பாருங்கள். பவளப்பாறையின் ஓரத்தில் படகை நிறுத்துவார்கள். மரத்தில் செய்த ஒரு பொய் இரையைத் தூர வீசுவார்கள். பிறகு அதைச் சட்டென்று இழுப்பார்கள். அது தண்ணீரைத் துப்பிக்கொண்டு, அடிபட்ட மீன் துடிப்பது போல வரும். அடியில் நிற்கும் பாரை ஏமாந்து மேலே பாய்ந்து கடிக்கும். அப்புறம் கையும் தோளும் வலிக்க இழுபறிதான். இன்னொரு முறையில் ஈய மீன் போன்ற ஒன்றை ஆழத்தில் இறக்கி, மேலும் கீழும் ஆட்டுவார்கள். ஓடும் படகின் பின்னால் தூண்டிலை இழுத்துக்கொண்டு போவதும் உண்டு. அதை நம் ஆட்கள் வெகு காலமாகச் செய்கிறார்கள். நெய்மீனும் சீலாவும் சூரையும் அப்படிக் கிடைக்கும். நெய்மீன்தான் தமிழ்நாட்டில் வஞ்சிரம்.

பிடித்த பெரிய பாரையை அங்கே பெரும்பாலும் திரும்ப விட்டுவிடுகிறார்கள். ஏன்? இரக்கம் ஒரு காரணம். தொழில் இன்னொரு காரணம். பெரிய பாரை வளரப் பல வருடம் ஆகும். பெரிய பெண் மீன் நிறைய முட்டை இடும். அதைச் சந்தையில் விற்றால் ஒரே ஒரு முறை பணம். உயிரோடு பாறையில் நின்றால், அடுத்த விருந்தாளியும் அதைத் தேடி வருவார்.

விடுவதற்கும் ஒரு கைப்பழக்கம் வேண்டும். இது எனக்குப் பிடித்த பகுதி. மீனைத் தண்ணீரில் தூக்கிப் போட்டால் அது பிழைத்துவிடும் என்று நினைக்காதீர்கள்.

முதலில், தூண்டில் முள்ளைப் பாருங்கள். நுனிக்குக் கீழே பின்பக்கம் நோக்கி ஒரு சின்ன முள் நிற்கும். அதுதான் கழற்ற விடாமல் பிடிக்கும். அதைக் குறடால் நசுக்கிவிட்டால் முள் எளிதாகக் கழன்று வரும். மீனைத் தொடும் முன் கையை நனைத்துக்கொள்ள வேண்டும். காய்ந்த கை பட்டால் மீனின் மேல் இருக்கும் வழுவழுப்பு போய்விடும். அந்த வழுவழுப்புதான் மீனுக்கு நோய் வராமல் காக்கிறது. செவுளுக்குள் விரலை விடக்கூடாது. பெரிய மீனைத் தலைகீழாகவோ வாயைப் பிடித்தோ தொங்கவிடக்கூடாது. ஒரு கையால் வாலடியையும் ஒரு கையால் வயிற்றையும் தாங்க வேண்டும். படம் எடுப்பதானால், கேமரா தயாரான பிறகு மீனைத் தூக்க வேண்டும். வெளியே நாம் மூச்சு விடலாம். மீனால் முடியாது அல்லவா? கடைசியாக, நீரோட்டத்துக்கு எதிராகத் தலையை வைத்து மீனைப் பிடித்திருக்க வேண்டும். அது தானாக வாலை அடித்துக் கையை உதறிப் போகும். அதுவரை விடக்கூடாது.

ஆழத்தில் பிடித்த களவா மீனுக்கு இது போதாது. வேகமாக மேலே இழுத்தால் அதன் வயிற்றில் இருக்கும் காற்றுப்பை உப்பிவிடும். கண் பிதுங்கும். இரைப்பை வாய்க்கு வரும். விட்டாலும் அது கீழே போக முடியாமல் மிதக்கும். பருந்து கொத்தும். அதனால் விடப் போகும் மீனை அவ்வளவு ஆழத்தில் தேடக்கூடாது. அங்கே தூண்டில் போட்டால் சமையலுக்கு வேண்டிய ஒன்றிரண்டு பிடித்தவுடன் நிறுத்த வேண்டும்.

எத்தனை பேர் ஏறலாம்?

இனி உயிரைப் பற்றிப் பேசுவோம்.

2023 மே 7-ஆம் தேதி. ஞாயிற்றுக்கிழமை. மலப்புறம் மாவட்டம் தானூரில் ஒரு சுற்றுலாப் படகு கவிழ்ந்தது. 22 பேர் இறந்தார்கள். அதில் பலர் குழந்தைகள். அது மீன்பிடிப் படகாக இருந்து, பிறகு மாடி வைத்துச் சுற்றுலாப் படகாக மாற்றியது. அளவுக்கு மேல் ஆட்களை ஏற்றியிருந்தார்கள். பலர் உயிர்காப்புச் சட்டை அணியவில்லை. இருட்டும் நேரம் வேறு.

மீன்பிடிப் படகு வலையையும் மீனையும் தாங்கக் கட்டியது. மீன் கூடை ஓரிடத்தில் கிடக்கும். ஆட்கள் அப்படிக் கிடக்க மாட்டார்கள். ஒரு பக்கம் பெரிய மீன் துள்ளினால் எல்லோரும் அந்தப் பக்கம் ஓடுவார்கள். படகு சாயும். மேலே மாடி இருந்தால் இன்னும் சீக்கிரம் சாயும்.

நம் ஃபோர்ட் கொச்சியிலும் 2015-இல் பயணிகள் படகும் மீன்பிடிப் படகும் மோதின. பலர் இறந்தார்கள். அழிமுகம் பெரிய கப்பல்கள் வரும் வழி. அங்கே நடுவில் நின்று தூண்டில் போடுவது விளையாட்டு அல்ல.

பயணிகளை ஏற்றும் படகில் எத்தனை பேர் ஏறலாம் என்று எழுதியிருக்கும். அந்த எண்ணைப் படியுங்கள். கொச்சி வாட்டர் மெட்ரோவின் பெரிய படகில் 100 பேர் வரை ஏற்றுவார்கள். அதற்கு மேல் ஒருவர் வந்தாலும் அடுத்த படகுக்குக் காத்திருக்க வேண்டியதுதான். அமெரிக்காவில் ஃபுளோரிடா என்று ஒரு கடலோர மாநிலம். விளையாட்டு மீன்பிடிப்பு அங்கே பெரிய தொழில். அங்கே கட்டணம் வாங்கி ஆள் ஏற்ற வேண்டுமானால், படகு ஓட்டுபவர் பரீட்சை எழுதிக் கடலோரக் காவல் படையிடம் உரிமம் பெற வேண்டும். சின்னப் படகுக்கான உரிமத்தில் 6 பேருக்கு மேல் ஏற்ற முடியாது.

நம் படகுத்துறையில் இப்படி ஒரு பேச்சு நடக்கலாம்.

"அண்ணே, நாங்க ஆறு பேர் இருக்கோம். ஏறிக்கவா?"

"நாலு பேர்தாங்க ஏறலாம். இதோ எழுதியிருக்கு பாருங்க."

"ரெண்டு பேருதானே கூட? காசு சேர்த்துத் தர்றோம்ணே."

"காசு வேண்டாங்க. நாலு பேர் இப்போ வாங்க. மீதி ரெண்டு பேரை அடுத்த தடவை கூட்டிட்டுப் போறேன்."

"பக்கத்துப் படகுக்காரர் ஏத்திக்கிறேன்னு சொல்றாரே?"

இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்வது சுலபம் அல்ல. வீட்டில் அரிசி இல்லாத நாளில் இன்னும் கஷ்டம். ஒருவர் மட்டும் மறுத்தால் அவருக்குத்தான் நஷ்டம். அதனால் துறையில் இருக்கும் எல்லாப் படகுக்காரர்களும் கூடிப் பேசி ஒரே முடிவு எடுக்க வேண்டும். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

இன்னும் ஒன்று. மீன் பிடிக்க வாங்கிய உரிமம் வேறு. கட்டணம் வாங்கிப் பயணிகளை ஏற்றும் அனுமதி வேறு. முதலாவது இருந்தால் இரண்டாவதும் இருக்கிறது என்று நினைக்கக்கூடாது. கேரளத்தில் இதை மாரிடைம் போர்டு அலுவலகத்தில் கேட்க வேண்டும். இடைத்தரகர் "எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொன்னால், காகிதத்தைக் கையில் வாங்கிப் படியுங்கள். யார் பேர், எந்தப் படகு, எந்தத் தேதி வரை என்று மூன்றையும் பாருங்கள்.

எப்போது, எங்கே?

மழைக்காலம் இதற்கு ஆகாது. கேரளத்தில் ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை 52 நாள் டிராலிங் தடை உண்டு. சின்ன வள்ளங்களுக்கு அந்தத் தடை இல்லை. ஆனாலும் அப்போது கடல் விருந்தாளிக்கு உரிய கடல் அல்ல. மற்ற மாதங்களிலும் வானிலை எச்சரிக்கை கேட்காமல் கிளம்பக்கூடாது. 2017 நவம்பர் கடைசியில் வந்த ஓகி புயலைக் குமரி முதல் கொச்சி வரை கரையில் யாரும் மறக்கவில்லை.

எல்லாக் கடலிலும் தூண்டில் போடவும் முடியாது. அந்தமானில் வண்டூரை ஒட்டிய கடலை 1983-இல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அங்கே மீன் பிடிக்கக்கூடாது. பழங்குடி மக்கள் வாழும் தீவுகளின் அருகே போகவே கூடாது. மீனிலும் தடை உண்டு. புள்ளிச் சுறா என்னும் திமிங்கலச் சுறாவை 2001 முதல் சட்டம் காக்கிறது. வேளா மீனுக்கும் அதே சட்டம்தான். தெரியாமல் மாட்டிக்கொண்டால் நரம்பை அறுத்து உடனே விட வேண்டும்.

கணக்குப் பார்ப்போம்

ஒரு நாள் பயணத்துக்கு ஒரு கணக்கு போடலாம். இந்தத் தொகைகள் பாடத்துக்காக நாம் வைத்துக்கொண்டவை. உங்கள் ஊர் விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

விருந்தாளிகள் கொடுத்தது 9,000 ரூபாய். எரிபொருளுக்கு 3,200. உதவியாளர் கூலி 1,200. சாப்பாடும் குடிதண்ணீரும் 600. ஐஸ், இரை 400. விருந்தாளியை அழைத்து வந்த தரகருக்கு 1,800. மொத்தச் செலவு 7,200 ரூபாய். மிச்சம் 1,800 ரூபாய்.

கரையில் இருந்து போன் பேசியவருக்கு 1,800. விடிகாலை 4 மணிக்கு எழுந்து, கடலில் வெயிலில் நின்று, எல்லோரையும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தவருக்கும் 1,800. இதில்தான் அவர் இன்ஜின் தேய்மானம் பார்க்க வேண்டும். காப்பீடு கட்ட வேண்டும். விருந்தாளி வராத நாளும் சாப்பிட வேண்டும். தரகரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவர் இல்லாவிட்டால் விருந்தாளி வராமலும் போகலாம். ஆனால் 9,000 வாங்கினேன் என்ற நினைப்பில் செலவு செய்தால் கடன்தான் மிஞ்சும்.

எனக்குத் தெரிந்த ஓர் அக்கா இப்படி ஒரு நோட்டு வைத்திருக்கிறார். கணவர் வள்ளம் ஓட்டுகிறார். வரவை இடது பக்கமும் செலவை வலது பக்கமும் எழுதுகிறார். சென்ற வருடம் அந்த நோட்டைக் காட்டித் தரகரிடம் பேசிப் பங்கைக் குறைத்தார்கள். "வாயால் சொன்னபோது கேட்கவில்லை. எழுதிக் காட்டினதும் பேசாமல் ஒத்துக்கிட்டாரு" என்றார் அக்கா.

கலந்து பேசுங்கள்

மேலே உள்ள கணக்கில் தரகர் இல்லாமல் விருந்தாளி நேராக வந்தால் மிச்சம் எவ்வளவு? மாதம் 8 நாள் மட்டும் விருந்தாளி வந்தால், இரண்டு வழியிலும் மாத வருமானம் எவ்வளவு? இன்ஜின் பழுதுக்கு அதிலிருந்து எவ்வளவு ஒதுக்குவீர்கள்?

உங்கள் ஊர்ப் படகு ஒன்றில் எழுதியிருக்கும் எண்களைப் பார்த்து நோட்டில் எழுதி வாருங்கள். எந்த எண் பதிவு எண், எந்த எண் ஆட்களின் அளவு என்று சேர்ந்து படியுங்கள். உயிர்காப்புச் சட்டைகள் எத்தனை இருக்கின்றன என்றும் எண்ணி வாருங்கள்.

பக்கத்துப் படகுக்காரர் ஆறு பேரை ஏற்றிக்கொண்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள்?