டீயோடு மென்ற சூயிங்கம்

கீரமங்கலம் பூ மார்க்கெட்டில் விடியுமுன்னே எடை போட்டாக வேண்டும். மூன்றரை மணிக்கு எழுந்து பாயைச் சுருட்டுவதற்குள் முதல் பீடி. இரவு படுக்கும்போது ஒரு கட்டு தீர்ந்திருக்கும். இருபத்தாறு வருஷம் அப்படித்தான் ஓடியது. ஏன் விட்டேன் என்பதைவிட எப்படி விட்டேன் என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். நான் முதல்முறை தோற்றது அங்கேதான்.

மருந்துக்கடையில் நிகோடின் சூயிங்கம் கேட்டேன். இரண்டு மில்லிகிராம் அட்டை ஒன்றைக் கொடுத்தார்கள், எப்படி மெல்லுவது என்று யாரும் சொல்லவில்லை. டீக்கடையில் ஒரு கையில் டம்ளரும் வாயில் சூயிங்கமுமாக நின்றேன். சாதாரண சூயிங்கம் போலச் சவைத்து எச்சிலை விழுங்கினேன். விக்கல், நெஞ்செரிச்சல். சாயங்காலமே பீடிக்குத் திரும்பிவிட்டேன். இந்த மருந்தெல்லாம் வேலைக்காகாது என்று நாலு பேரிடம் சொல்லியும் வைத்தேன். அந்த நாலு பேரையும் நினைத்தால் இன்றைக்கும் மனசு உறுத்துகிறது.

அப்புறம்தான் புகையிலையை விட உதவுவதற்கென்று பீடிக்கட்டின் உறையிலேயே அச்சிட்டிருந்த 1800-11-2356 எண்ணுக்குப் பேசினேன். அழைப்புக்குக் காசு இல்லை. தமிழிலேயே பேசினார்கள். நாளைக்கு எத்தனை பீடி என்று கேட்பார்கள் என நினைத்தேன். அந்தம்மா முதலில் கேட்டது வேறு: "காலையில எந்திரிச்சு எத்தனை நிமிஷத்துல முதல் பீடி குடிக்கிறீங்க சார்?"

அந்தக் கேள்வியில்தான் மருந்தின் அளவு இருக்கிறது. எழுந்த அரை மணிக்குள் பற்றவைப்பவருக்கு நான்கு மில்லிகிராம் தேவைப்படும், அதற்கப்புறம் என்றால் இரண்டு போதும். இரண்டு மில்லிகிராமைச் சீட்டு இல்லாமல் வாங்கலாம், நான்குக்கு டாக்டர் சீட்டு வேண்டும். எனக்கு இரண்டு எப்படிப் பத்தியிருக்கும்?

மெல்லும் முறையையும் அவர்தான் சொல்லித் தந்தார். மெதுவாக மெல்ல வேண்டும். நாக்கில் காரமோ சுருசுருப்போ தெரிந்ததும் நிறுத்திவிட்டு, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வைக்க வேண்டும். சுருசுருப்பு அடங்கியதும் மறுபடி நாலு மெல்லு, இடம் மாற்றி ஒதுக்கு. இப்படி அரை மணி நேரம். நிகோடின் வாயின் உள்தோல் வழியாகத்தான் ரத்தத்தில் சேர வேண்டும், விழுங்கினால் வயிற்றுக்குப் போய் வீணாகிவிடும். மெல்லுவதற்குக் கால் மணி முன்பிருந்தே டீ, காபி, சோடா, எலுமிச்சைச் சாறு எதுவும் கூடாது, வாயில் புளிப்பு இருந்தால் நிகோடின் சரியாக ஏறாது. முதல் ஆறு வாரம் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒன்று வீதம் மென்றேன். அதன்பின் படிப்படியாகக் குறைத்து, மூன்று மாதத்தில் நிறுத்தினேன்.

நாள் முழுக்க ஆசை இழுப்பவர்களுக்கு நிகோடின் பேட்ச் நல்லது. காலையில் கையிலோ மார்பிலோ, முடியில்லாத காய்ந்த தோலில் ஒட்டி, தினமும் இடம் மாற்ற வேண்டும். வைகாசி வெயிலில் வியர்வையில் பிய்த்துக்கொண்டு வரும், அதனால் குளித்துத் துவட்டி, தோல் நன்றாக உலர்ந்தபின் ஒட்டுங்கள். ராத்திரிக் கனவு தொல்லை தந்தால் படுக்குமுன் எடுத்துவிடலாம். பேட்ச் ஒட்டிக்கொண்டு, திடீர் ஆசைக்குச் சூயிங்கமும் மெல்வது ஒன்றை மட்டும் நம்புவதைவிடப் பலன் தரும். இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது.

நிகோடின் இல்லாத மாத்திரைகளும் உண்டு: பூப்ரோப்பியான், வரெனிக்லின். இரண்டையும் டாக்டர் சீட்டில்தான் வாங்க முடியும். விடும் நாளைக் குறித்துவிட்டு, ஒரு வாரம் முன்பே தொடங்க வேண்டும். வலிப்பு வந்தவர்களுக்குப் பூப்ரோப்பியான் ஆகாது. வரெனிக்லினால் குமட்டும், சாப்பிட்டபின் போட்டால் தாங்கும்.

செலவுக்குத் தயங்குகிறவர்கள் புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேட்டுப் பாருங்கள். 2022-ல் நாட்டின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் நிகோடின் மாற்று மருந்தும் சேர்ந்துவிட்டது. எலக்ட்ரானிக் சிகரெட்டுக்கு மாறலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 2019 முதல் அதை இந்தியாவில் விற்கவே தடை.

ஐந்தாவது வாரம் ஒரு விடியற்காலை, மல்லி மூட்டை ஒன்று வந்து இறங்கியது. வாயைக் கட்டிய கயிற்றை அவிழ்க்குமுன்பே, உள்ளே பூ புழுங்கியிருப்பது என் மூக்குக்குத் தெரிந்துவிட்டது.