ஒரே தெருவில் மூன்று நீர்: நோயாளி இருக்கும் வீட்டார் அறிய வேண்டியவை

சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் நாளில் துணையிருப்போர் எங்களிடம் கேட்கும் கேள்விகளில், மருந்துக்கு அடுத்தபடியாக வருவது தண்ணீரைப் பற்றியதே. "வீட்டில் மெட்ரோ வாட்டர் வருகிறது, அதைக் கொடுக்கலாமா? கேன் தண்ணீர்தான் வாங்க வேண்டுமா?" இதற்கு ஒரு சொல்லில் விடை கூற இயலாது. அந்த நீர் எங்கிருந்து புறப்படுகிறது, எவ்வழியே வருகிறது, எந்த இடத்தில் கெடக்கூடும் என்பவற்றை அறிந்துகொண்டால், தங்கள் வீட்டுக்குரிய விடையை அவரவரே கண்டுகொள்ளலாம்.

அடையாற்றின் ஏதேனும் ஒரு தெருவை எடுத்துக்கொள்வோம். அதன் அடியில் குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் ஓடுகின்றன. ஓரத்தில் மழைநீர் வடிகால் செல்கிறது. முதல் இரண்டும் சென்னைக் குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அவ்வாரியம் அமைவதற்கு முன்னர் அப்பணிகளை மாநகராட்சியே செய்துவந்தது. மழைநீர் வடிகால் இன்றும் மாநகராட்சியிடமே உள்ளது. அந்த வடிகால் சென்று சேரும் அடையாறும் பக்கிங்ஹாம் கால்வாயும் நீர்வளத்துறையின் கீழ் வருகின்றன. தெருவில் தேங்கி நிற்கும் நீருக்கு யாரை அழைப்பது என்று மக்கள் திகைப்பதில் வியப்பில்லை.

குழாய்க்கு வரும் வரை

சென்னைக்குச் செங்குன்றம் ஏரி நீரைக் கொண்டுவரும் திட்டம் 1872இல் நிறைவேறியது. ஆனால் அந்நாளில் நீர் வடிகட்டப்படாமலே வந்தது. கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையத்தில் மணற்படுகை வழியே வடிகட்டி வழங்கும் முறை 1914இல் தொடங்கிற்று. 1944இல் பூண்டி நீர்த்தேக்கம் கட்டப்பட்டது. நகரம் பெருகப் பெருக, 1996இல் கிருஷ்ணா நீரும் 2004இல் வீராணம் ஏரி நீரும் வந்து சேர்ந்தன. 2013 முதல் நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கித் தென்சென்னைப் பகுதிகளுக்கு அனுப்புகின்றனர். 2019ஆம் ஆண்டுக் கோடையில் ஏரிகள் ஏறத்தாழ வறண்டுபோய், ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயில் வண்டியில் நீர் வந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

மூலம் மாறும்போது சுவையும் மாறும். நேற்றைய நீர் ஒரு சுவையாகவும் இன்றைய நீர் வேறொரு சுவையாகவும் இருப்பதால் மட்டும் அது கெட்டதாகிவிடாது. குளோரின் நெடி வீசினால் நீர் கெட்டுவிட்டதென்று கொட்டிவிடுவோரும் உண்டு. உண்மை இதற்கு நேர்மாறானது. சுத்திகரிப்பு நிலையத்தில் கலக்கும் குளோரின், வழியில் நேரும் சிறு மாசுகளை அழித்து, வீட்டுக் குழாயை அடையும்போதும் சிறிதளவு மிஞ்சியிருக்க வேண்டும். லிட்டருக்கு 0.2 மில்லிகிராமேனும் மிஞ்ச வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். குளோரின் சிறிதும் மிஞ்சாத நீரே கவலைக்குரியது.

கெடும் இடம்

சுத்திகரிப்பு நிலையத்தை விட்டு நீர் புறப்படும்போது பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. இடர் இருப்பது வழியில்தான். நம் நகரில் குழாயில் நீர் நாள் முழுதும் வருவதில்லை. சில மணி நேரம் வந்து பின்னர் நின்றுவிடும். நீர் ஓடும்போது குழாயினுள் அழுத்தம் இருப்பதால், ஓட்டை இருந்தாலும் நீர் வெளியேதான் கசியும். நீர் நின்றதும் அவ்வழுத்தம் குன்றுகிறது. அப்போது அதே ஓட்டை வழியே மண்ணில் ஊறிய ஈரம் உள்ளே புகலாம். அருகில் கழிவுநீர்க் குழாய் உடைந்திருந்தால் அந்த ஈரம் எத்தகையது என்று சொல்ல வேண்டியதில்லை. இதற்கு மேலும் சிலர் மோட்டாரை நேரே வாரியக் குழாயில் பூட்டி இழுக்கின்றனர். அது சட்டத்துக்குப் புறம்பானது. அண்டை வீட்டாருக்குக் கிடைக்க வேண்டிய நீரைப் பறிப்பதோடு, தெருவின் அழுக்கையும் குழாய்க்குள் உறிஞ்சி எல்லோருக்கும் பகிர்ந்தளிக்கும் வேலை அது.

ஆகையால் நீண்ட இடைவெளிக்குப் பின் நீர் வரத் தொடங்கும்போது முதலில் வருவதைச் செடிகளுக்கோ கழிப்பறைக்கோ விட்டுவிட்டு, தெளிந்து வந்த பின்னரே பாத்திரத்தில் பிடிக்க வேண்டும்.

அடுத்த இடர் நமது வாசலிலேயே உள்ளது. பல வீடுகளில் நிலத்தடித் தொட்டியாகிய சம்ப்பும், கழிவுநீர் ஆய்வுத் தொட்டியும் மிக அருகருகே அமைந்துள்ளன. சம்ப்பின் சுவரில் விரிசல் இருந்தாலோ மூடி தரைமட்டத்தில் இருந்தாலோ, ஒரு கனமழைக்கு இரண்டும் ஒன்றாகிவிடும். அடுக்ககங்களில் வாகனம் நிறுத்துமிடத்தின் அடியில் சம்ப் இருப்பதால் அதனை ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை. உங்கள் குடியிருப்பின் சம்ப் கடைசியாக எப்போது கழுவப்பட்டது என்று சங்கச் செயலாளரைக் கேட்டுப் பாருங்கள்.

கழிவுநீரும் மழைநீரும்

சென்னையில் கழிவுநீரும் மழைநீரும் தனித்தனி வழியே செல்ல வேண்டும் என்பதே ஏற்பாடு. அடையாற்றுப் பகுதியின் கழிவுநீர் சரிவின் வழியே நீரேற்று நிலையங்களை அடைந்து, அங்கிருந்து பெருங்குடிச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு ஏற்றப்படுகிறது. வீடுகளிலிருந்து வரும் அளவைக் கணக்கிட்டே இக்குழாய்கள் பதிக்கப்பட்டன. மழைக்காலத்தில் தெருவில் நீர் தேங்கியவுடன் யாரேனும் ஒருவர் ஆள்நுழைவுத் தொட்டியின் மூடியைத் தூக்கிவிடுவார். தெரு வடிகிறது, மகிழ்ச்சியே. ஆயினும் அந்த வெள்ளம் முழுவதும் நீரேற்று நிலையத்தை அமுக்கிவிட, தாழ்வான வீடுகளின் கழிப்பறை வழியே கழிவுநீர் பின்னோக்கி எழும்புகிறது. சக்கர நாற்காலியில் வருவோரையும் மாடியேற இயலாதோரையும் நாம் தரைத்தளத்தில்தானே தங்கவைக்கிறோம்? ஆகவே துன்பம் முதலில் அவர்களையே அடைகிறது.

இதற்கு மறுதலையாக, மழைநீர் வடிகாலில் கழிவுநீரை இணைத்துவிடுவதும் நடக்கிறது. அது சுத்திகரிக்கப்படாமலே ஆற்றையும் கடலையும் சேர்கிறது. பிரம்மஞான சபைத் தோட்டத்தை ஒட்டிய அடையாற்று முகத்துவாரத்தின் நாற்றத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

இவ்விடத்தில் துணையிருப்போருக்கு ஒன்று கூற வேண்டும். படுக்கையிலிருக்கும் நோயாளியின் டயப்பர், பஞ்சு, கட்டுத்துணி, ஈரத்துடைப்பான் ஆகியவற்றைக் கழிப்பறையில் போடலாகாது. அவை கரையமாட்டா, குழாயை அடைத்துக்கொள்ளும். அடைப்பை நீக்க மனிதர் இறங்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்துள்ளது. இருந்தும் நச்சுக்காற்றால் இறப்போரைப் பற்றிய செய்திகள் இன்னும் வந்தவண்ணமே உள்ளன. அப்பொருள்களைத் தனியே பொதிந்து, இன்னதென்று சொல்லித் துப்புரவுப் பணியாளரிடம் கொடுங்கள். கீமோதெரபி பெற்றவர்கள் அடுத்த 48 மணி நேரத்துக்குக் கழிப்பறை மூடியை மூடிவிட்டு இருமுறை நீர் செலுத்துவது, உடனிருப்போருக்குப் பாதுகாப்பு.

2015 டிசம்பர் 1ஆம் நாள் இரவு, செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு ஏறத்தாழ 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டு, அடையாறு கரை கடந்து கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் புகுந்தபோது, சம்ப் எது, சாக்கடை எது என்ற வேறுபாடே அற்றுப்போயிற்று. வெள்ள நீர் ஒருமுறை புகுந்த சம்ப்பை முற்றிலும் இறைத்துத் தேய்த்துக் கழுவி, குளோரின் இட்டு ஊறவைத்து, அந்த நீரையும் வெளியேற்றிய பின்னரே மீண்டும் நிரப்ப வேண்டும். மேல்நிலைத் தொட்டிக்கும் இதுவே முறை. பலர் சம்ப்போடு நிறுத்திவிடுகின்றனர்.

எவருக்கு எந்த நீர்?

உடல் நலத்தோடு இருப்பவர் தாங்கிக்கொள்ளும் சிறு மாசு, வெள்ளையணுக்கள் குறைந்திருப்பவருக்கும் உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றவருக்கும் பெருந்தீங்காக முடியலாம். 1993இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் குளோரின் இட்ட குழாய் நீரிலேயே கிரிப்டோஸ்போரிடியம் என்னும் ஒட்டுண்ணி கலந்து, ஏறத்தாழ 4 லட்சம் பேருக்கு வயிற்றுப்போக்கு உண்டாயிற்று. பெரும்பாலோர் தேறினர். இறந்தவர்களுள் மிகுதியானோர் எய்ட்ஸ் நோயால் எதிர்ப்பாற்றல் இழந்திருந்தவர்கள். இவ்வொட்டுண்ணிக்குக் குளோரின் அஞ்சுவதில்லை. கொதிக்கும் நீரில் அது பிழைப்பதும் இல்லை.

எனவே இத்தகையோருக்கு வாரிய நீரோ, லாரி நீரோ, கேன் நீரோ, எதுவாயினும் கொதிக்கவைத்தே கொடுக்க வேண்டும் என்பது எங்கள் அறிவுரை. ஓரத்தில் குமிழி தோன்றியவுடன் இறக்கிவிடலாகாது; தளதளவென்று கொதித்த பின் ஒரு முழு நிமிடம் அடுப்பில் இருக்கட்டும். கொதித்த பாத்திரத்திலேயே மூடி ஆறவைத்து, கை படாமல் சாய்த்து ஊற்றுங்கள். ஆறிய நீரில் யாரோ ஒருவர் குவளையை முக்கினால் பட்டபாடெல்லாம் வீண். பல் துலக்கவும், மாத்திரை விழுங்கவும், பழம் கழுவவும் அதே நீரைப் பயன்படுத்துங்கள். ஆர்.ஓ. கருவி உப்பைக் குறைக்கும். ஆயினும் உரிய காலத்தில் மாற்றப்படாத வடிகட்டியிலும் அதன் சேமிப்புத் தொட்டியிலும் கிருமிகள் வளரும். கருவி இருக்கிறதென்று கொதிக்கவைப்பதை நிறுத்த வேண்டா. கடலோரமாகிய நம் பகுதியில் ஆழ்குழாய்க் கிணற்று நீர் உவர்ப்பது உண்டு. கொதிக்கவைத்தால் கிருமி சாகும், உப்பு போகாது. சோடியத்தைக் குறைக்கும்படி கூறப்பட்ட இதய, சிறுநீரக நோயாளிகள் உவர்நீரைக் குடிநீராகக் கொள்ளாதிருப்பது நன்று.

டயாலிசிஸ் செய்துகொள்வோர் ஒரு வேறுபாட்டை அறிந்திருத்தல் வேண்டும். ஒரு முறை டயாலிசிஸ் செய்யும்போது சுமார் 120 லிட்டர் நீர், மெல்லிய சவ்வுக்கு அப்பால் இரத்தத்தை ஒட்டிப் பாய்கிறது. குடிநீரில் நம்மைக் காக்கும் குளோரின் அங்கே இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். அதனால் டயாலிசிஸ் பிரிவில் நகர நீரைக் கரிப் படுகை வழியே செலுத்திக் குளோரினை நீக்கிய பின்னரே ஆர்.ஓ. முறையில் சுத்திகரிக்கின்றனர். நல்ல குடிநீர் எல்லாத் தேவைக்கும் நல்ல நீர் என்று கொள்ள முடியாது.

குழாய் நீர் கலங்கியோ நாற்றத்துடனோ வந்தால், குடிப்பதை நிறுத்திவிட்டு வாரியத்தின் 1916 என்ற எண்ணை அழையுங்கள். கழிவுநீர் அடைப்புக்கும் அதே எண்தான். மழைநீர்த் தேக்கத்துக்கு மாநகராட்சியின் எண் 1913. கிண்டி கிங் நிலையத்தில் குடிநீரைப் பரிசோதித்துக் கொடுக்கின்றனர். நுண்ணுயிர்ச் சோதனைக்குக் கிருமி நீக்கிய புட்டியில் எடுத்த நீரே பயன்படும். அழைப்பதற்கு முன் பக்கத்து வீட்டுக் குழாயையும் திறந்து பார்த்துவிடுங்கள். அங்கும் அவ்வாறே வந்தால் பழுது தெருக்குழாயில் இருக்கக்கூடும். அதை அழைக்கும்போதே கூறினால் பணியாளர்கள் தேடும் நேரம் குறையும். அங்கு நீர் தெளிவாக வந்தால், முதலில் திறந்து பார்க்க வேண்டியது உங்கள் சம்ப்பின் மூடியைத்தான்.