பட்டறையை நாமே அமைப்போம்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. மாணவி)

தச்சருக்கு உளியும் இழைப்புளியும் எப்படியோ, கணிப்பொறியில் நிரல் எழுதுவோர்க்குச் சில கருவிகள் அப்படி. நிரலைத் தட்டெழுத ஓர் எடிட்டர், அதனை இயந்திர மொழியாக மாற்ற ஒரு கம்பைலர், பிழை கண்டறிய ஒரு டிபக்கர், திருத்தங்களை வரிசையாகக் காத்து வைக்க ஒரு பெட்டகம் ஆகிய நான்கும் சேர்ந்ததே நிரல் எழுதுவோரின் பட்டறை. இதனை அமைக்கப் பெரும்பொருள் வேண்டும் என்று நம்மிற் பலர் எண்ணுகிறோம். அந்த எண்ணம் தவறு என்று காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கட்டற்ற மென்பொருள்

மென்பொருளைப் பயன்படுத்தவும், அதன் மூல நிரலைப் படிக்கவும், திருத்தவும், பிறருடன் பகிரவும் யாவர்க்கும் உரிமை வேண்டும் என்ற கொள்கையுடன், 1983-இல் அமெரிக்காவில் ரிச்சர்டு ஸ்டால்மன் 'குனு' திட்டத்தை அறிவித்தார். அத்திட்டத்தின் ஜிசிசி கம்பைலர் 1987-இல் வெளிவந்தது. 1991-இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், 'லினக்ஸ்' எனும் இயங்குதளக் கருவை வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 21. நம் கல்லூரியின் இறுதியாண்டு அண்ணன்மார் வயதுதான்!

இவை எங்கோ தொலைதூரத்தில் நடந்தவை என்று கருத வேண்டாம். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் சானடோரியத்தை அடுத்து வருவது குரோம்பேட்டை. அங்கே எம்.ஐ.டி. வளாகத்தில் உள்ள ஏ.யு.-கே.பி.சி. ஆராய்ச்சி மையமும், சென்னை சி-டாக் நிறுவனமும் இணைந்து, மத்திய அரசின் ஆதரவுடன் 2005-இல் கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தை உருவாக்கின. அதன் விளைவாக 2007-இல் 'போஸ்' என்னும் இந்திய லினக்ஸ் வெளிவந்தது. 2011-இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் கணிப்பொறிகளில் விண்டோஸுடன் போஸும் இடம்பெற்றது. அக்காள் அண்ணன்மாருக்குக் கிடைத்த அந்த மடிக்கணினிகள் இன்றும் பல வீடுகளில் பரண்மேல் கிடக்கின்றன.

அமைக்கும் முறை

போஸுக்கு அடிப்படை 'டெபியன்' என்னும் லினக்ஸ். ஆகவே கீழ்க்காணும் முறை இரண்டுக்கும் பொருந்தும். 2 ஜி.பி. நினைவகமே உள்ள பழைய கணிப்பொறியானால், 'எக்ஸ்எஃப்சிஇ' என்ற எளிய முகப்பைத் தேர்ந்தெடுப்பது நன்று.

முதலாவதாக, வட்டில் உள்ள படங்களையும் பாடக்குறிப்புகளையும் வேறிடத்தில் பிரதி எடுத்து வைக்க வேண்டும். நிறுவும்போது முழு வட்டையும் தேர்ந்தெடுத்துவிட்டால் பழையன யாவும் அழிந்துபோகும். பிறகு 8 ஜி.பி. பென்டிரைவ் ஒன்றில் டெபியனின் 'லைவ்' பதிப்பை எழுதி, அதிலிருந்தே கணிப்பொறியை இயக்கிப் பார்க்கலாம். திரை, ஒலி, வைஃபை யாவும் இயங்குகின்றனவா என்று சோதித்த பின்னரே வட்டில் நிறுவுதல் அறிவுடைமை.

அடுத்து டெர்மினலைத் திறக்க வேண்டும். கட்டளைகளை இங்கே ஒலிப்பின்படி தமிழில் தருகிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்டுக. 'சூடோ ஆப்ட் அப்டேட்' என்றால் மென்பொருள் பட்டியல் புதுப்பிக்கப்படும். 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால்' என்பதன்பின் 'பில்ட்-எசென்ஷியல்', 'ஜிடிபி', 'கிட்', 'ஜீனி' ஆகிய நான்கு பெயர்களையும் இடைவெளி விட்டுத் தட்டினால் பட்டறை முழுவதும் வந்து சேரும். முதலாவது ஜிசிசி கம்பைலரையும் 'மேக்' கருவியையும் தருவது; ஜிடிபி பிழை தேடுவது; கிட் பிரதிகளைக் காப்பது; ஜீனி நிரல் எழுதும் எடிட்டர். பைத்தான் பயில விரும்புவோர் ஒன்றை நினைவிற்கொள்க: 2023-இல் வந்த டெபியன் 12 முதல், 'பிப்' கொண்டு பொதுத்தளத்தில் நேரடியாக நிறுவ முயன்றால் அது மறுத்துவிடும். ஒவ்வொரு பணிக்கும் 'வென்வ்' மூலம் தனி அறை ஒதுக்கிக்கொள்ள வேண்டும்.

டர்போ சியில் பழகியவர்க்கு

டாஸ் காலத்து டர்போ சியில் பழகியவர்க்கு முதல் நாளே ஓர் ஐயம் எழும். அங்கே ஓடிய நிரல் இங்கே ஏன் ஓடவில்லை? 'கோனியோ' தலைப்புக் கோப்பும், அதிலுள்ள 'கிளியர் ஸ்கிரீன்', 'கெட்ச்' செயற்கூறுகளும் சி மொழியின் தரநிலையைச் சார்ந்தவை அல்ல. அவற்றை நீக்கிவிட்டு, 'வாய்ட் மெயின்' என்பதை 'இன்ட் மெயின்' என்று மாற்றினால் நம் பாட நிரல்களுள் பெரும்பாலானவை ஓடும்.

இன்னொரு வேறுபாடு சிந்திக்கத்தக்கது. டர்போ சியில் 'இன்ட்' என்பது 16 பிட். எனவே 30000-ஐயும் 10000-ஐயும் கூட்டி 'இன்ட்' ஆகவே அச்சிட்டால் -25536 என்று விடை வரும். இன்றைய கணிப்பொறியில் ஜிசிசியின் 'இன்ட்' 32 பிட் ஆதலால் 40000 என்றே வரும். அங்கும் 2147483647 என்பதே உச்சவரம்பு. பாடநூலில் மனப்பாடம் செய்த இருமக் கணிதம் நம் கண்முன்னே உயிர்பெறுவது இங்கேதான்!

நமக்கு இதனால் என்ன?

எங்கள் குடும்பத்தில் எனக்கு முன் கல்லூரி வாசலை மிதித்தவர் எவருமிலர். என்னைப் போன்றோர் நம்மிடையே பலர். ஆய்வக நேரமோ வாரத்தில் சில மணி. எஞ்சிய நேரத்தில் பழக, வீட்டில் சொந்தக் கருவி இருப்பவர் முந்துவதும் இல்லாதவர் பின்தங்குவதும் இயல்பாகிவிடுகின்றன. அந்த இடைவெளியைப் பெருமளவு குறைக்க வல்லது கட்டற்ற மென்பொருள். விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-இல் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11-ஐ ஏற்காத பழைய இயந்திரங்கள் அதனால் குப்பைக்குப் போக வேண்டியதில்லை. அவற்றுள் ஒன்று, கற்க விழைவோர் ஒருவருக்குப் போதும்.

விலையில்லை என்பது மட்டும் இதன் சிறப்பன்று. கருவியின் உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பார்க்கும் உரிமையும் நமக்கு உண்டு. கேள்வி கேட்பதுதானே அறிவியல்? ஆசிரியப் பெருமக்கள் விடுமுறையில் ஒருநாள் ஆய்வகத்தைத் திறந்து வைத்தால், பழைய மடிக்கணினி உடையோர் அனைவரும் கொண்டுவந்து, ஒருவருக்கொருவர் உதவி, பட்டறை அமைத்துக்கொள்ளலாம். முதல் பென்டிரைவை நான் கொண்டு வருகிறேன்.